சொற்கள் நிறையத் தெரிகின்றன, ஆனால் யாரையும் கூப்பிடுவதில்லை. உங்கள் அனுபவம் வேண்டும்

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு இரண்டு வயது பத்து மாதம். வீட்டில் நான், கணவர், அவன் மூன்று பேர்தான். கணவர் காலையில் போனால் அவன் தூங்கிய பிறகுதான் வருவார். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கட்டுரை படித்தேன். குழந்தையின் காதில் எவ்வளவு சொற்கள் விழுகின்றனவோ அவ்வளவுக்கு அதன் மொழி வளரும் என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து நான் வாயை மூடவில்லை. துணி மடிக்கும்போது "இது நீலச் சட்டை, இது அப்பா சட்டை, இதில் நாலு பொத்தான்" என்று சொல்லிக்கொண்டே மடிப்பேன். படஅட்டைகள் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பலன் இல்லாமல் இல்லை. யானை, ஒட்டகம், முக்கோணம், ஊதா எல்லாம் சொல்கிறான். "இது என்ன?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

போன வாரம் பந்து அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது. அவன் என்னைக் கூப்பிடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அலமாரி முன்னால் விட்டான். அப்புறம் "பந்து" என்றான். அட்டையைக் காட்டினால் சொல்வானே, அதே தொனியில். அவன் எதையும் கேட்கவில்லை, பெயர் மட்டும் சொன்னான்.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். "வா", "கொடு", "எடு", "எனக்கு", "வேண்டாம்" இதில் ஒன்றைக்கூட அவன் வாயில் கேட்ட ஞாபகம் இல்லை. "அம்மா" என்ற சொல் தெரியும். என் புகைப்படத்தைக் காட்டினால் சொல்வான். என்னைக் கூப்பிடுவதற்கு அதைச் சொன்னதில்லை. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. இவ்வளவு பேசியும் நான் எங்கே தவறினேன்?


வாசல்தூண் எழுதியது:

கண்ணு, நான் ஆறு பேரப்பிள்ளைகளைப் பார்த்தவள். பிள்ளை பேசுவதற்கு ஆள் வேண்டும். அட்டை எதற்கு? நாங்கள் ஒன்பது பேர் ஒரே வீட்டில் வளர்ந்தோம். எங்களை உட்காரவைத்து ஒருவரும் சொல் சொல்லிக்கொடுத்ததில்லை. பேசாவிட்டால் விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள், அதனால் பேசினோம். இப்போது நாலு சுவருக்குள் ஒரு பிள்ளையையும் ஒரு தாயையும் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளை ஏன் பேசவில்லை என்றால் எப்படி? தனியாக வளர்த்தால் இப்படித்தான் ஆகும்.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கடைசி வரி தேவையில்லாதது. ஒரு தாய் பயந்துபோய் எழுதியிருக்கிறார்.

நிலாமுற்றம், தயவுசெய்து பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் படித்த கட்டுரையின் வேர் எனக்குத் தெரியும். பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் என்று இரண்டரை ஆண்டு சென்று, வீட்டில் நடந்த பேச்சைப் பதிவு செய்தார்கள். 1995இல் வெளியிட்டார்கள். நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் இடையே மூன்று கோடி சொற்கள் வித்தியாசம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கதை படித்துக் காட்டுவது, பேச்சு கொடுப்பது இதெல்லாம் வீண் போகாது. நான் பள்ளியில் முதல் வகுப்பு எடுப்பவன். பேச்சும் புத்தகமும் உள்ள வீட்டிலிருந்து வரும் குழந்தையை இரண்டே நாளில் அடையாளம் கண்டுவிடலாம்.


பழையஏடு எழுதியது:

அந்த மூன்று கோடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்த எண் அது. அந்த 42 குடும்பங்களில் அரசு உதவித் தொகையில் வாழ்ந்தவை ஆறு மட்டும்தான். மாதம் ஒரு மணி நேரப் பதிவை நான்கு ஆண்டுக்கு நீட்டிப் போட்ட பெருக்கல் கணக்கு அது. 2019இல் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர் ஐந்து சமூகங்களின் பதிவுகளை எடுத்து, குழந்தையைச் சுற்றி எல்லோரும் பேசியதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது அந்தப் பெரும் இடைவெளி தென்படவில்லை. ஏழை வீட்டுக் குழந்தை மௌனத்தில் வளர்வதில்லை. அத்தை, அண்ணன், பக்கத்து வீட்டார் என்று பலர் பேசும் பேச்சு நடுவே வளர்கிறது. அந்தப் பேச்சு முதல் கணக்கில் ஏறவில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சொற்களைக் குழந்தைக்குள் ஊற்றினால் மொழி நிரம்பும் என்று நினைப்பதே ஒரு சமூகத்தின் பழக்கம். மனிதர்கள் எல்லோரும் அப்படிக் குழந்தை வளர்ப்பதில்லை.

பாம்பி ஷீஃபெலின் என்ற ஆய்வாளர் 1970களில் பப்புவா நியூ கினியின் மழைக்காட்டில் கலுலி மக்களோடு தங்கியிருந்தார். அங்கே தாய்மார்கள் கைக்குழந்தையிடம் நம்மைப்போல் கொஞ்சிக் கொஞ்சிப் பேச்சுக் கொடுப்பதில்லை. குழந்தைக்கு இன்னும் புரியும் திறன் வரவில்லை, அது "மென்மையாக" இருக்கிறது என்பார்கள். குழந்தையைத் தன் முகம் பார்க்கப் பிடிக்காமல், வெளியே மற்றவர்களைப் பார்க்குமாறு திருப்பிப் பிடித்து, குழந்தை பேசுவதுபோல் மெல்லிய குரலில் தாயே அண்ணன் அக்காவிடம் பேசுவாள். குழந்தை "அம்மா", "முலை" என்ற இரண்டு சொற்களையும் சொன்ன பிறகுதான் அதற்குப் பேச்சு வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வார்கள். அதன்பிறகு தொடங்கும் பாடம்தான் என்னை அசரவைத்தது. தாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லி "எலெமா" என்பாள். "இப்படிச் சொல்" என்று அர்த்தம். தனக்குத் திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. எதிரே நிற்கும் அண்ணனிடம், பாட்டியிடம் சொல்லச் சொல்வாள். "அது என்னுடையது", "திருப்பிக் கொடு", "யார் நீ?" என்பது போன்றவை. கெஞ்சுவதற்கு மட்டும் கற்றுத்தருவதில்லை, அது தானாக வரும் என்பது அவர்கள் எண்ணம். தன் பங்கைக் கேட்டு வாங்கவும், தட்டிக்கேட்கவும்தான் சொற்களைக் கொடுக்கிறார்கள்.

அந்தக் குழந்தைகளும் நன்றாகவே பேச வளர்கின்றன. மெக்சிகோவில் ட்செல்டால் என்ற மாயா பழங்குடி மொழி பேசும் கிராமம் ஒன்றில் மரிசா கசில்லாஸ் என்ற ஆய்வாளரின் குழு மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளை நாள் முழுக்கப் பதிவு செய்தது. குழந்தையை நோக்கி நேராகப் பேசப்பட்டது மணிக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. ஆனாலும் முதல் சொல், சொற்களைச் சேர்த்துப் பேசுவது எல்லாம் மற்ற இடத்துக் குழந்தைகளுக்கு வரும் அதே பருவத்தில்தான் வந்தன.


செவிவழி எழுதியது:

நான் பேச்சுச் சிகிச்சை தருபவள். பதினான்கு ஆண்டுகளாக இதுதான் வேலை. விவாதம் சூடுபிடிப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நிலாமுற்றம், முதலில் குழந்தைக்குக் கேட்புத் திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். அப்புறம் குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். பெயர்கள் நிறையத் தெரிந்தும் கேட்பதற்கும் கூப்பிடுவதற்கும் பயன்படுத்தாமல் இருப்பது, கையைப் பிடித்து இழுத்துப் போவது, இவை இரண்டையும் ஆள் நேரில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். ஏதாவது இருந்தால் சீக்கிரம் தொடங்கியது நல்லதாகிவிடும். "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்", "அவன் அப்பாவும் இப்படித்தான்" என்ற பேச்சைக் கேட்டுக் காத்திருந்து இரண்டு ஆண்டு கழித்து வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டை யாராலும் திருப்பித் தர முடியாது.

மற்ற பெற்றோர்களுக்காகவும் சொல்கிறேன். 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலும் வந்த பேச்சு போய்விட்டது என்றால் காத்திருக்காதீர்கள். பண்பாடு எதுவானாலும் இது பொருந்தும்.

மூன்று கேள்விகள். அவன் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? பொய்யாக விளையாடுவானா, பொம்மையைத் தூங்கவைப்பதுபோல?


நிலாமுற்றம் எழுதியது:

செவிவழி அக்கா, நன்றி. மூன்றுக்கும் ஆம். விமானச் சத்தம் கேட்டால் மேலே காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். கரடி பொம்மைக்குப் போர்வை போர்த்துவான், தட்டியும் கொடுப்பான். பரிசோதனைக்கு நாளையே பதிவு செய்கிறேன்.

வாசல்தூண் பாட்டி எழுதியதைப் படித்து அழுதேன். கோபமில்லை. நான் தனியாக வளர்க்க ஆசைப்பட்டு வளர்க்கவில்லை, அது மட்டும் தெரிந்தால் போதும்.

பழையஏடு எழுதிய "இப்படிச் சொல்" என்னை நிறுத்திவிட்டது. நமக்கும் அது இருக்கிறது அல்லவா? "அத்தையிடம் போய் வாங்க என்று சொல்லு", "அண்ணனிடம் எனக்கும் கொடு என்று கேளு". என் சின்ன வயசு முழுக்க இந்தச் "சொல்லு"தான். என் மகனிடம் நான் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. யாரிடம் போய்ச் சொல்லச் சொல்வேன்? வீட்டில் அவனுக்கு எதிரே இருப்பது நான் ஒருத்தி. நானே கேள்வி கேட்கிறேன், எனக்கு விடை தெரிந்த கேள்வி. அவன் சொல்லாவிட்டாலும் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது, முகத்தைப் பார்த்தே நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.


பழையஏடு எழுதியது:

நீங்கள் சொன்ன "எதிரே நான் ஒருத்தி" என்பதைத் தொட்டு இன்னொன்று. "நான்", "நீ" இரண்டையும் குழந்தை எப்படிக் கற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஆள் எப்போதும் குழந்தையிடமே பேசினால், குழந்தை கேட்கும் "நீ" எப்போதும் அவனேதான். "நான்" எப்போதும் அம்மா. இரண்டும் ஆளுக்கு ஒட்டிய பெயர்போல ஆகிவிடும். மூன்றாம் ஆளாக உட்கார்ந்து, இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டால்தான் "நான்" வாய்க்கு வாய் இடம் மாறுவது தெரியும். யூரிகோ ஓஷிமா-தகானே என்ற ஆய்வாளர் 1996இல் இதைச் சோதித்தார். வீட்டின் இரண்டாவது குழந்தைகள் இந்தப் பிரதிப்பெயர்களில் முதல் குழந்தைகளைவிட முந்தியிருந்தன. அம்மாவும் அண்ணனும் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்டதுதான் காரணம் என்பது அவருடைய விளக்கம்.

நம் மொழியில் இது இன்னும் கூடுதல். "நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே, "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே. இதை எந்த அட்டையில் வரைவீர்கள்? யார் நம்மோடு, யார் நம்மோடு இல்லை என்று ஒரு கூட்டத்துக்குள் நின்று பார்த்த பிள்ளைக்குத்தான் அது பிடிபடும். "நீ", "நீங்கள்" இரண்டில் யாருக்கு எது என்பதும் அப்படித்தான். அதை இலக்கணமாக மட்டும் கற்க முடியாது. வீட்டில் யார் பெரியவர், யாரிடம் உரிமை, யாரிடம் தயக்கம் என்பது சேர்ந்தே வருகிறது.

பசிபிக் தீவு நாடான சமோவாவில், எலினோர் ஓக்ஸ் என்ற ஆய்வாளரோடு பணியாற்றிய மார்த்தா பிளாட் கவனித்த ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வா" என்பது "கொண்டுவா" என்பதைவிட எளிய சொல். எளியதுதானே முதலில் வர வேண்டும்? அங்கே குழந்தைகள் "கொண்டுவா, கொடு" என்பதை முதலில் பேசினார்கள், "வா" பிந்தித்தான் வந்தது. உயர்ந்தவர் உட்கார்ந்திருப்பார், எழுந்து நடமாடுவது தாழ்ந்தவர் வேலை. சின்னப் பிள்ளை பெரியவரைப் பார்த்து "வா" என்று சொல்லக் கூடாது, பொருள் வேண்டும் என்று கேட்கலாம். சொல் எவ்வளவு எளிது என்பதைவிட, அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்பதே முந்தியது.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பிள்ளைகள் நாளை பள்ளிக்கு வருவார்கள். அங்கே "இது என்ன நிறம்?" என்று கேட்பார்கள். அந்த வகைப் பேச்சுக்குப் பழகாத குழந்தை திகைத்து நிற்கும்போது "எல்லாப் பண்பாட்டிலும் குழந்தை பேசும்" என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஏற்படும் இழப்பைத் தினமும் பார்க்கிறவன் நான்.


பழையஏடு எழுதியது:

உங்கள் கவலை உண்மையானது. அதையே நேராக ஆராய்ந்தவர் ஷெர்லி பிரைஸ் ஹீத். அமெரிக்காவின் கரோலினா பகுதியில் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிலும் வெள்ளைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிலும் பல ஆண்டுகள் பழகி 1983இல் எழுதினார். முதல் குடியிருப்பில் பெரியவர்கள் தங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை. "இது எதைப்போல இருக்கிறது?" என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைகள் உவமை சொல்வதிலும் கதை கட்டுவதிலும் கெட்டிக்காரர்கள். பள்ளிக்குப் போனதும் ஆசிரியை "இது என்ன நிறம்?" என்றால் வாயடைத்துப் போனார்கள். கண் எதிரே இருப்பதை ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. ஆசிரியை, பிள்ளைக்கு மொழி வரவில்லை என்று எழுதிவிட்டார்.

நீங்கள் முதல் வகுப்பு எடுப்பவர், உங்களிடம் மனம்விட்டுக் கேட்கிறேன். திகைத்து நிற்கும் குழந்தையிடம் வேறு வகைக் கேள்வி ஒன்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?


எண்ணும்எழுத்தும் எழுதியது:

இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.


இருகரை எழுதியது:

எங்கள் கதை வேறு, ஆனால் தொடர்பு இருக்கிறது. மகள் நான்கு வயதுவரை வீட்டு மொழியை அருவிபோலப் பேசினாள். பள்ளி மொழி வேறு. சேர்ந்து ஆறே மாதத்தில் நாங்கள் வீட்டு மொழியில் கேட்போம், அவள் பள்ளி மொழியில் பதில் சொல்வாள். ஒரு வருடத்தில் முழுக்க மாறிவிட்டாள். நாங்கள் பேசுவதைக் குறைக்கவே இல்லை! அவள் காதில் விழும் சொல் அதேதான். ஆனால் அந்த மொழியில் பேசினால்தான் காரியம் நடக்கும் என்ற ஒரு இடம்கூட அவளுக்கு இல்லாமல் போய்விட்டது, நாங்கள் இரண்டையும் புரிந்துகொள்வோம் என்று தெரிந்ததால்.

பிறகுதான் படித்தேன், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஆனிக் டி ஹவுவர் ஏறத்தாழ 1,900 இருமொழிக் குடும்பங்களிடம் கேட்டு 2007இல் எழுதியதை. பெற்றோர் பேசியும், ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை அந்தச் சிறுபான்மை மொழியைப் பேசுவதில்லை. அதைப் படித்தபோது ஒரு பக்கம் ஆறுதல், இன்னொரு பக்கம் வலி.

எங்கள் வீட்டில் அதை மாற்றியது ஒன்பது வயது ஒன்றுவிட்ட அக்கா. ஒரு விடுமுறைக்கு வந்தாள், அவளுக்குப் பள்ளி மொழி சுத்தமாகத் தெரியாது. இரண்டு பேருக்கும் விளையாட வேண்டும். முதல் மூன்று நாள் சண்டை, அழுகை. நான்காவது நாள் என் மகள் வீட்டு மொழியில் கத்தினாள், "நான்தான் முதல்ல!" என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஊருக்குப் போனதும் பேச்சு மறுபடி குறைந்தது. ஆனால் அணைந்துவிடவில்லை. இப்போது ஒவ்வொரு விடுமுறைக்கும் அவளை வரவழைக்கிறோம்.


கைப்பேச்சு எழுதியது:

இங்கே பதிவு போடுவது இதுதான் முதல் தடவை. என் அம்மா அப்பா இருவரும் காது கேளாதவர்கள். எனக்குக் கேட்கும். எனக்கு முதல் மொழி சைகை மொழி, அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வாய்ப்பேச்சைச் சித்தியிடமும் தெருப்பிள்ளைகளிடமும் கற்றேன்.

இதைப் பற்றி நான் தேடிப் படித்தபோது ஒரு சிறுவனைப் பற்றிய ஆய்வு கிடைத்தது. ஆய்வில் ஜிம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவனுடைய பெற்றோரும் காது கேளாதவர்கள். ஆனால் அவர்கள் அவனோடு சைகையில் அதிகம் பேசவில்லை. கேட்கும் பிள்ளைதானே, தொலைக்காட்சி பார்த்துப் பேசிக்கொள்வான் என்று நினைத்திருக்கலாம். தொலைக்காட்சி நிறையப் பார்த்தான். சொற்கள் வந்தன, விளம்பரங்களில் வரும் பெயர்கள்கூட வந்தன. ஆனால் மூன்றே முக்கால் வயதில் அவன் வாக்கியங்கள் எந்தக் குழந்தையும் பேசாத விதத்தில் கோணலாக இருந்தன. பெரியவர் ஒருவர் அவனோடு உட்கார்ந்து உரையாடத் தொடங்கியதும் சீக்கிரமே சரியாகிவிட்டது. அவன் தம்பிக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. தம்பியோடு பேச ஜிம் இருந்தான்! இந்த வரியைப் படித்துவிட்டு என் சித்திக்கு அன்றே போன் செய்தேன்.

நிகராகுவாவையும் சொல்கிறேன். 1977இல் தலைநகர் மனாகுவாவில் தொடங்கிய சிறப்புப் பள்ளி ஒன்றில் காது கேளாத பிள்ளைகள் முதல்முறையாகக் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அதுவரை அவரவர் வீட்டில் நாலைந்து சைகையோடு தனித்தனியாக இருந்தவர்கள். வகுப்பில் உதட்டசைவு பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், அது பெரிதாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் சைகை செய்து செய்து ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகள் அதன் இலக்கணத்தை இன்னும் செழிப்பாக்கினார்கள். ஒரு பெரியவரும் அவர்களுக்கு அதைக் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர அப்படி ஒரு மொழியே அதற்கு முன் இல்லை.

நிலாமுற்றம் அக்கா, உங்கள் பிள்ளையிடம் மொழி இல்லை என்று நினைக்காதீர்கள். கையைப் பிடித்து இழுத்ததும் பேச்சுதான். அதை நீங்கள் புரிந்துகொண்டீர்களே.


வாசல்தூண் எழுதியது:

நிலாமுற்றம், என்னை மன்னித்துவிடு கண்ணு. நான் என் காலத்தை நினைத்து எழுதினேன், உன் நிலையை நினைக்கவில்லை. ஒன்பது பேர் இருந்த அந்த வீட்டில் என் அம்மாவுக்கு எங்கள் யாரோடும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச நேரமில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஏக்கம்தான். அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு யோசனை. பிள்ளைக்கு அவனைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளை வேண்டும், சமவயதுப் பிள்ளை அல்ல. சமவயதுக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். பெரியவர்கள் நாம் பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுவோம். ஐந்து வயதுக்காரி அப்படிச் செய்ய மாட்டாள். "என்ன? சரியாச் சொல்லு" என்பாள்.


மாலைக்காற்று எழுதியது:

எங்களுக்கும் வீட்டில் ஆள் இல்லை. தாத்தா பாட்டியோடு வீடியோ கால் செய்வது ஆளுக்குக் கணக்காகுமா, திரைக்குக் கணக்காகுமா?


செவிவழி எழுதியது:

எதிரே இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறாரா என்பதைப் பொறுத்தது. 2003இல் பட்ரீஷியா கூல் குழுவினர் ஆங்கிலக் குடும்பங்களின் ஒன்பது மாதக் குழந்தைகளை மாண்டரின் மொழி கேட்கச் செய்தார்கள், 12 தடவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 நிமிடம். நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியவர்களிடம் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் பதிவு செய்த காணொளி என்றபோது ஒன்றும் கற்கவில்லை. பின்னால் 2014இல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், வீடியோ காலில் அந்தக் குழந்தைக்கே பதில் சொல்லிப் பேசியவரிடம் புதுச் சொற்களைக் கற்றார்கள், பதிவு செய்த காணொளியில் கற்கவில்லை. அதனால் பாட்டியைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். பாட்டி கதை ஒப்பிப்பதைவிட, குழந்தை காட்டும் பொம்மையைப் பார்த்து அதைப்பற்றிக் கேட்டால் நல்லது. நீங்களும் பக்கத்தில் இருங்கள்.


நிலாமுற்றம் எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் நன்றி.

காது நன்றாகக் கேட்கிறது. வளர்ச்சி மருத்துவர் இரண்டு முறை ஒரு மணி நேரம் பார்த்தார். இப்போதைக்கு எந்தப் பெயரும் வைக்க வேண்டாம், பேச்சுப் பயிற்சி வாரம் ஒருமுறை, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். இன்னும் முழு நிம்மதி இல்லை. ஆனால் காத்திருக்கவில்லை, அது தெம்பாக இருக்கிறது.

படஅட்டைகளைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். கதைப் புத்தகம் மட்டும் தொடர்கிறது. எண்ணும்எழுத்தும் சொன்னதை விடவில்லை. கணவர் வேலை நேரத்தைக் கேட்டு மாற்றிக்கொண்டார், வாரத்தில் மூன்று நாள் அவன் விழித்திருக்கும்போதே வீட்டில் இருக்கிறார். நானும் அவரும் அவன் முன்னால் பேசிக்கொள்கிறோம், அவனிடம் அல்ல, எங்களுக்குள். முதலில் கூச்சமாகக்கூட இருந்தது. அவன் தலையைத் திருப்பித் திருப்பி எங்கள் வாயைப் பார்த்தான்.

அப்புறம் "சொல்லு" தொடங்கினேன். "அப்பாவிடம் போய், வா என்று சொல்லு." முதல் இரண்டு வாரம் போய் நிற்பான், அவர் முழங்காலைத் தட்டுவான், வந்துவிடுவான். அவர் வேண்டுமென்றே எழுந்திருக்காமல், "என்ன கண்ணா, யார் கூப்பிட்டது?" என்று கேட்டுக் காத்திருப்பார். மேல்மாடியில் ஐந்தரை வயதுப் பெண் ஒருத்தி இருப்பதை இந்த இழைக்குப் பிறகுதான் போய்த் தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் படியில் பார்த்துச் சிரித்ததோடு சரி. அவள் தினமும் மாலையில் வருகிறாள். வாசல்தூண் பாட்டி சொன்னது அச்சாக நடக்கிறது, "சரியாச் சொல்லு, எனக்குப் புரியல" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

முந்தாநாள் அவள் சிவப்புச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவன் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டு "எனக்கு" என்றான். அவள் கொடுக்கவில்லை. "எனக்கு! எனக்கு கொடு!" என்று அழுதான். நான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்ய எழுந்தேன், கணவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் பேரம் நடந்தது, எனக்கு எல்லாம் கேட்கவில்லை. கடைசியில் அவள் ஓட்டினாள், அவன் பின்னால் உட்கார்ந்தான்.

நேற்றுக் காலையில் நான் குளியலறையில் இருந்தேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே "அம்மா, வா" என்றான். நான் உடனே பதில் சொல்லவில்லை, வாய் வரவில்லை. அவன் இன்னும் சத்தமாக, கோபமாக, "அம்மா! வா!" என்றான்.


வாசல்தூண் எழுதியது:

போனாயா கண்ணு?


நிலாமுற்றம் எழுதியது:

சோப்பு நுரையோடு போனேன் பாட்டி. பந்து மறுபடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது.